காது குத்துற கேபிள்

ஸ்பீக்கர் வயருக்கு எவ்வளவு கொடுப்பீங்க? 2007-ல் அமெரிக்காவில் 12 அடி நீள கேபிள் ஒரு ஜோடி 7,250 டாலர். "பார்க்காம, காதால மட்டும் கேட்டு, இதையும் சாதாரண கேபிளையும் பிரிச்சுச் சொன்னா 10 லட்சம் டாலர்" என்றார் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

நம்ம முதல் வருஷக் கணக்கே போதும். 2.5 சதுர மி.மீ. தாமிர வயர், போக வர 6 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.04 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம்னா, வித்தியாசம் அரை சதவீதம். வீட்டு வயரிங்குக்கு வாங்குற வயரே இந்த வேலையைச் செய்யும்.

இதை என் ரூம்மேட் ஒரு கடையில் சொன்னான். கையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. "உங்க காது இன்னும் பழகல தம்பி"ன்னு சிரிச்சாங்க. அவனும் தலையாட்டிட்டு, கேபிளோட வந்தான். எனக்குக் கோபம் விலை மேல இல்லை. நிரூபிக்க வேண்டியது விற்கிறவர். சந்தேகம் மட்டும் நம்ம காது மேலயா?

அடுத்த வருஷம் நமக்கும் முதல் சம்பளம் வரும். கடைக்குப் போனா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அண்ணே, ரெண்டு கேபிளையும் நான் மறைச்சு மாத்தி மாத்திப் போடுறேன். எது எதுன்னு நீங்க சொல்றீங்களா?"