கை மேலே போக வேண்டாம்

ஏ320 விமானத்தில் என்ஜினுக்கு ஒன்றாக இரண்டு ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் 90 கேவிஏ. ஒன்று நின்றால் மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். சமையல் பகுதியில் சில சாதனங்கள் ஓயும், அவ்வளவுதான்.

கோளாறு ஜெனரேட்டரில் இல்லாமல், மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பஸ்ஸில் வந்தால் கதை வேறு. ஏசி பஸ் 1 போனால், அதை நம்பியிருக்கும் ஏசி எசென்ஷியல் பஸ்ஸும் போகும். கேப்டன் முன்னால் இருக்கும் இரண்டு திரைகளும் கறுத்துவிடும். என்ஜின் அளவுகளைக் காட்டும் மேல் திரை அணைந்து, அந்தப் படம் கீழ்த் திரைக்கு வரும். துணை விமானியின் பக்கம் ஏசி பஸ் 2-இல் ஓடுவதால் அங்கே எல்லாம் எரியும்.

2005 அக்டோபர் 22 இரவு, லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஏறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏ319-இல் இதைவிட மோசம். இருவரின் திரைகளும், ரேடியோவும், காக்பிட் விளக்குகளில் பெரும்பாலானவையும் போயின. கேப்டன் வெளியே தெரிந்த அடிவானத்தைப் பார்த்தே விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுமார் 90 விநாடிகளில் பெரும்பாலானவை மீண்டன. மின்சாரத்தை மாற்றுவழியில் கொடுத்தது, தலைக்கு மேல் பலகையில் உள்ள ஒரு பொத்தான். பின்னாளில் அந்த மாற்றம் தானாகவே நடக்கும்படி ஏர்பஸ் வடிவமைப்பைத் திருத்தியது.

அவர்களுக்குக் கீழே உயரம் இருந்தது. அந்த மாற்றம் தானாக நடக்காமல், கேப்டன் பக்கத் திரைகளை மட்டும் அணைக்கும் கோளாறு, தரையிறங்க நெருங்கும் ஏப்ரோச்சில் 1,000 அடியில் வந்தால், தரைக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான். சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும்போது நான் பார்ப்பது விமானிகளின் கையைத்தான். திரை அணைந்ததும் அது தானாக மேலே போகும். இருவரும் அண்ணாந்து பொத்தானைத் தேடுவார்கள். வேகத்தைத் தானாகக் காக்கும் ஆட்டோ த்ரஸ்டும் விடுபட்டிருந்தால், அந்த நேரத்தில் 138 நாட் வேகம் 125-க்கு இறங்கியிருக்கும்; யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். திரை எரிகிறவர் ஓட்டட்டும். கேப்டன் ஓட்டிக்கொண்டிருந்தாலும் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும். இதில் தயங்குகிற கேப்டன்கள் உண்டு. நான்கு கோடு போட்ட தோளுக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, இறங்குவதா வேண்டாமா என்பது. ஓடுபாதை கண்ணில் பட்டு, வேகமும் சரிவும் சீராக இருந்தால் இறங்குவதே பாதுகாப்பு. மேகத்துக்குள் இருந்தால் கோ-அரவுண்ட். மேலே போய், பாதுகாப்பான உயரத்தில் நிலைத்து, அப்புறம் செக்லிஸ்டை எடுக்கலாம். ஒரு ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருக்கும்வரை நேரத்தைத் தீர்மானிப்பது எரிபொருள்தான், பேட்டரி அல்ல.

இறங்கப்போன விமானம் திடீரென உறுமிக்கொண்டு மேலேறினால், பயணிகளே, பதற வேண்டாம். பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள். அறிவிப்பு வரத் தாமதமானால், உள்ளே அவர்கள் முதலில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.