பின்னால் வருவோர்

மனிதனின் கண்கள் இரண்டும் முன்னோக்கியே அமைந்துள்ளன. முதுகுப்புறத்துக் காவலைச் செவிகளே ஏற்றுள்ளன. சைக்கிளில் செல்வோர் இதை நன்கு அறிவர். பின்னால் வருவது பேருந்தா, டிராக்டரா, மொபெட்டா என்பதைத் திரும்பிப் பாராமலே ஒலியால் உணர்ந்து இடப்புறம் ஒதுங்குவர். அந்தக் காவல் தளர்ந்துவிட்டால் என்ன செய்வது? இவ்வினா எங்களிடையே எழுந்த விதத்தையும், அதற்குக் கிடைத்த எளிய விடையையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் நால்வர், தஞ்சையில் வாழும் பணி ஓய்வு பெற்றவர்கள். காலைப் பொழுதில் சைக்கிளில் புறப்பட்டு, சில நாள் கல்லணைக் கால்வாய்க் கரையிலும், சில நாள் நாகப்பட்டினம் சாலையில் அம்மாபேட்டை வரையிலும் சென்று திரும்புவது எங்கள் வழக்கம். எங்களுள் மூத்தவருக்கு வயது 72. காது மந்தமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. செவித்துணைக் கருவியை அணிந்து சைக்கிள் மிதித்தாலோ, எதிர்க்காற்றின் இரைச்சல் பெருகி மற்ற ஒலிகளை விழுங்கிவிடுகிறது. ஒருநாள் லாரி ஒன்று அவர் தோளை உரசுவதுபோல் கடந்து சென்றது. அது முன்னே போன பிறகே அவர் அதை அறிந்தார். செய்தி வீட்டை எட்டியது. “போதும்ப்பா, இனிமே சைக்கிள் வேண்டாம்” என்று மகள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஆயினும், கடைத்தெருவுக்கும் நூலகத்துக்கும் ஆலயத்துக்கும் தம் விருப்பம்போல் சென்று வந்தவர், மருமகனின் ஸ்கூட்டரை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருக்கலானார். 1990களின் தொடக்கத்தில், அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அவர்கள் பெற்றது வாகனம் மட்டுமன்று. பிறர் கையை எதிர்பாராத நடமாட்டமும் ஆகும். அந்த நடமாட்டத்தை முதுமையில் இழப்பது எத்தகையது என்பதை எங்கள் நண்பரின் முகத்தில் கண்டோம்.

அடிக்கடி திரும்பிப் பார்த்து ஓட்டினால் போதாதா என்று சிலர் கேட்டனர். ஏர் ஓட்டியவர்களுக்கு இதன் விடை தெரியும். பின்னால் திரும்பிக்கொண்டு உழுதால் சால் கோணிப்போகும். சைக்கிளும் அப்படியே. தலை வலப்புறம் திரும்பினால் தோள் திரும்புகிறது. தோளோடு கைப்பிடியும் வலப்புறம் சாய்கிறது. எந்த லாரிக்கு அஞ்சித் திரும்பினோமோ, அதன் பாதைக்கே சைக்கிள் நகர்கிறது. நம் டெல்டாவில் அறுவடைக் காலத்தில் இடர் இன்னும் மிகும். களம் போதாமல் தார்ச்சாலையின் ஓரத்திலேயே நெல்லைப் பரப்பிக் காய வைப்பர். சைக்கிளில் வருபவர் நெல்லின் மேல் ஏறவும் மனமின்றி, நடுச்சாலைக்குச் செல்லவும் துணிவின்றித் தடுமாறுவார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளை, 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் பின்னால் வரும் லாரி எட்டே வினாடிகளில் எட்டிவிடும்.

பின்னால் பார்க்கும் கவலை மோட்டார் வாகனங்களுக்கும் தொடக்கம் முதலே இருந்தது. இங்கிலாந்தின் டாரத்தி லெவிட் என்னும் பெண் ஓட்டுநர் 1909இல் வெளியிட்ட நூலில், கார் ஓட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை உடன்கொண்டு, அவ்வப்போது உயர்த்திப் பின்புறம் பார்க்கலாம் என்று அறிவுறுத்தினார். 1911 மே 30 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. மற்றக் கார்களில் பின்னால் வருவதைக் கவனித்துச் சொல்லத் துணையாள் ஒருவர் அமர்ந்திருந்தார். ரே ஹரூன் மட்டும் துணையாளுக்கு மாற்றாகக் கண்ணாடியைப் பொருத்தித் தனியே ஓட்டி வென்றார். ஆனால், செங்கல் பாவிய தடத்தின் அதிர்வால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே கூறியதாகச் சொல்வர்.

சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தும் கண்ணாடிக்கும் இதே குறை உண்டு. மேடுபள்ளத்தில் அது நடுங்கும். கண்ணாடியைத் தலையிலேயே அணிந்துகொண்டால், அதிர்வை உடலே பெரிதும் தாங்கிக்கொள்கிறது. மேலைநாடுகளில் சைக்கிளில் செல்வோர் சிலர் மூக்குக்கண்ணாடியின் சட்டத்திலோ தலைக்கவசத்திலோ சிறு கண்ணாடியைப் பொருத்திக்கொள்கின்றனர். பழைய ஆரக்கம்பியை வளைத்துத் தாமே செய்துகொள்வோரும் உண்டு. எங்களுள் ஒருவர் இதைச் சொல்ல, வழக்கமாகச் செல்லும் சைக்கிள் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கம்பியை நறுக்கி வளைத்து, கூர்முனை கண்ணில் படாதவாறு சுருட்டினார். கண்ணருகே உடையும் கண்ணாடி கூடாது என்று சொல்லி, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் அக்ரிலிக் கண்ணாடித் துண்டொன்றை வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து ஒட்டினார். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், நண்பரின் மூக்குக்கண்ணாடியில் வலக்காதை ஒட்டிய காலில் அதைக் கட்டினோம்.

கண்ணுக்கு அருகில் இருப்பதால் அந்தச் சிறு துண்டிலேயே சாலை முழுதும் தெரிகிறது. தலையைச் சற்றே அசைத்தால் பின்புறம் எங்கும் பார்வை செல்கிறது. அது சமதளக் கண்ணாடியாதலால், தொலைவில் வரும் வண்டி தொலைவிலேயே தெரிகிறது. குவிந்த கண்ணாடியில் பரப்பு மிகுதியாகத் தெரியும். ஆனால் வண்டி சிறுத்து, தொலைவில் இருப்பதாக மயக்கும். கிட்டத்தில் உள்ளதைப் படிக்க இயலாத முதியோருக்கும் இது தடையில்லை. கண் நோக்குவது கண்ணாடித் துண்டையன்று, தொலைவிலுள்ள பிம்பத்தையே. முதல் சில நாள் தலை சுற்றுவதுபோல் இருக்கும்; எனவே, வெற்றுத் திடலில் பழகிய பின்னரே அவர் சாலைக்கு வந்தார். பக்கவாட்டில் மிக நெருங்கியது கண்ணாடியில் தெரியாது. ஆகவே, வலப்புறம் திரும்பும் முன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பது இன்றும் தேவையே. அவர் ஓட்டுவதை மகள் ஒரு வாரம் நேரில் பார்த்தபின் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

இது சைக்கிளில் செல்பவரின் கடமையை மட்டும் பேசுவதாக யாரும் எண்ணலாகாது. ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழா வரை, வேளாங்கண்ணிச் சாலைகளில் கால்நடையாகவும் சைக்கிளிலும் எத்தனையோ திருப்பயணிகள் செல்கின்றனர். அவர்களை இடைவெளி விட்டுக் கடக்கும் பொறுப்பு, பின்னால் வரும் ஓட்டுநருடையதே. கண்ணாடி எந்த லாரியையும் நிறுத்துவதில்லை. அது வருவதை அறிவித்து, ஒதுங்குவதற்குச் சில வினாடிகளை மட்டுமே தருகிறது.

நாங்கள் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. முன்பு நண்பரை நடுவில் விட்டு நாங்கள் காவலாகச் செல்வோம். இப்போது அவரே முன் செல்கிறார். சென்ற மாதம் அம்மாபேட்டையை நெருங்குகையில் அவர் திடீரென இறங்கி நின்றார். வண்டி எதுவும் வரவில்லை. எங்களுள் கடைசியாக வந்தவர், செயின் கழன்று வெகு தொலைவில் நின்றுவிட்டதை அவர் ஒருவரே பார்த்திருந்தார். பேசிக்கொண்டே வந்த நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அஞ்சி அணிந்த கண்ணாடியில் பின்தங்கிய தோழரும் தெரிந்தார். நால்வரும் சேர்ந்த பின்னரே அன்று மேலே சென்றோம். இப்போது எங்கள் மூவருக்கும் அதுபோன்ற கண்ணாடி வேண்டுமென்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.