மீட்டரிடம் முதலில் பேசுவது யார்?

பாகாயம், திங்கள்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளைக் கழிவுநீருக்குப் பொறுப்பேற்க வைத்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை இடைவிடாது அளந்து இணையவழி அனுப்பவேண்டும் எனப் பணித்தது. ஆனால் ஃப்ளோ மீட்டரும் பி.எச். மீட்டரும் பெரும்பாலும் ஆர்.எஸ்.485 என்னும் கம்பி இணைப்பில், ஒவ்வொரு பிட்டாக, சீரியல் முறையில் பேசுபவை. அந்தப் பேச்சை நெட்வொர்க்கில் ஏற்றும் பெட்டியே சீரியல் டிவைஸ் சர்வர். அதை எந்த மோடில், அதாவது எந்த இயக்க முறையில், வைப்பது என்பதில்தான் அளவீட்டின் நம்பகம் பெரிதும் தங்கியிருக்கிறது.

செவ்வாய்

கணினியின் சீரியல் வாயிலான காம் போர்ட்டை மட்டுமே அறிந்த பழைய மென்பொருள் இருக்குமிடத்தில் மெய்நிகர் காம் மோடு எளிது. தொலைவிலுள்ள போர்ட், கணினியிலேயே இருப்பதுபோல் அதற்குத் தோன்றும். எனினும் மோட்பஸ் ஆர்.டி.யூ. என்னும் உரையாடல் விதி, ஒரு செய்தி முடிந்ததை மூன்றரை எழுத்து நேர மௌனத்தால் அறிகிறது. 9600 பாட் வேகத்தில் அது ஏறக்குறைய 4 மில்லிவினாடி. நெட்வொர்க் ஒரு செய்தியை இரு துண்டாக்கி இடையே தாமதித்தால், முழுச் செய்தியும் பிழையென ஒதுக்கப்படலாம். மோட்பஸ் கேட்வே மோடு செய்தியை முழுதாகப் பெற்று, பிழை சோதித்து, நீளத்தைக் குறித்து அனுப்புவதாலும், இரு கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் கேள்விகளை வரிசைப்படுத்துவதாலும், கழிவுநீர் அளவீட்டுக்கு அதுவே உகந்தது.

புதன்

யூ.டி.பி. மோடு, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. அறிவிப்புப் பலகைக்கு அது போதும், சட்டப்படி காட்டவேண்டிய கணக்குக்குப் போதாது.

வெள்ளி, ஆம்பூர்ச் சாலை

டி.சி.பி. சர்வர் மோடில் பெட்டி அழைப்புக்குக் காத்திருக்கும். கிளையண்ட் மோடில் தானே அழைக்கும். சிம் கார்டு வழியே இணையும் பெட்டிக்குப் பொதுவாக வெளியிலிருந்து அடையத்தக்க முகவரி கிடைப்பதில்லை என்பதால், அங்கே கிளையண்ட் மோடே வழி. ஆயினும் மோட்பஸில் மீட்டர் கேட்டால் மட்டுமே விடை சொல்லும். இணைப்பைத் தொடங்குவது பெட்டி, கேள்வியைத் தொடங்குவது அளவுகளைத் திரட்டும் மைய சர்வர் என்ற வேறுபாட்டை உணராதவர், இணைப்பு இருந்தும் அளவு வராததைக் கண்டு கம்பியைச் சந்தேகிப்பர். இணைப்பு அறுந்த நேரத்து அளவுகளை இந்த மோடுகள் எதுவும் தாமாகக் காப்பதில்லை. எனவே மீட்டரின் அருகிலேயே ஒரு டேட்டா லாகரை வைத்து, அது மீட்டரைக் கேட்டு, நேரம் குறித்துச் சேமித்து, இணைப்பு மீண்டதும் விடுபட்டவற்றையும் சேர்த்து அனுப்புமாறு அமைப்பதே தகும். பாலாற்று நீரை நம்பியிருப்போருக்கு, விடுபட்ட அந்த மணிநேரங்களின் கணக்கும் உரியது.