ஆத்தூருக்கு வந்த ஜப்பான்

சேலத்தில் பஸ் ஏறி வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் ஆத்தூர். வசிஷ்ட நதிக்கரை ஊர். நதியில் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்! கரையில் கெட்டி முதலி காலத்துக் கோட்டை. சுற்றிலும் சேகோ ஃபேக்டரிகள். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், புளித்த மாவு வாடையே 'ஊர் வந்தாச்சு, இறங்கு' என்று சொல்லிவிடும்.

நான் போனது கோட்டை பார்க்க அல்ல. கிழங்கு ஏஜென்ட்டாக இருக்கும் நண்பரின் ஆபீசுக்கு மலிவாக ஒரு கம்ப்யூட்டர் போட்டுத் தர. பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மரவள்ளிக் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் ரேட். ஒரு பாயிண்ட் குறைந்தால் விவசாயி மடியில் ஓட்டை. ஆனால் ரசீது இங்கிலீஷில்!

"இதுல என்ன போட்டிருக்குன்னு பேரனைத்தான் கேக்கணும் தம்பி" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்.

"தமிழ்ல போடலாம். ஆனா அதுக்குத் தனியா காசாகுமேப்பா?" என்று இழுத்தார் நண்பர்.

ஜப்பான்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே கவலைதான். நமக்கு 247 எழுத்து. அவர்கள் 1978-ல் கம்ப்யூட்டருக்கென்று போட்ட பட்டியலிலோ ஆறாயிரத்துக்கும் மேல்! அத்தனையையும் தனிச் சிப்பில் அடைக்க வேண்டியிருந்ததால் மெஷினும் தனி, விலையும் தனி. 1990-ல் ஐ.பி.எம். 'டாஸ்/வி' கொண்டுவந்தது. சிப் வேண்டாம், எழுத்தை சாஃப்ட்வேரே வரைந்துகொள்ளும். சாதாரணக் கம்ப்யூட்டரே ஜப்பானிய மொழி பேச ஆரம்பித்தது. 1992-ல் காம்பாக் மலிவு மெஷினோடு இறங்க, அங்கே விலைப் போரே மூண்டது.

நமக்கு அந்தச் செலவும் இல்லை. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 1999-ல் தமிழ்99 விசைப்பலகையும் வந்துவிட்டது. செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டரில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போட்டேன். இரண்டும் இலவசம். டி.டி.பி. சென்டரில் பழைய ஃபான்ட்டில் அடித்து வாங்கிய கடிதங்கள் மட்டும் ஜிலேபி பிழிந்தாற்போலத் தெரிந்தன. அவற்றையும் இலவச கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டு எடுத்தாயிற்று.

முதல் தமிழ் ரசீதைப் பெரியவரிடம் நீட்டினார் நண்பர். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பாயிண்ட் இருபத்தாறா? போன லோடு இருபத்தெட்டாச்சே! இன்னொருக்கா அளந்து பாருங்க!"

நண்பர் என்னை முறைத்தார். சாஃப்ட்வேர்தான் இலவசம் என்றேன். தமிழ் இலவசம் என்று நான் சொல்லவே இல்லையே!