ஆரணியிலிருந்து அவலாஞ்சிக்கு

ஆரணி என்றவுடன் உங்களுக்கு ஞாபகம் வருவது பட்டுப் புடவை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அந்த ஊரில், அதிகாலையில் தெருவிலே பாவு நீட்டியிருப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வண்ண நூலாய் ஓடும். வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஆரணி வெயில் லேசுப்பட்டதல்ல. கத்திரி காலத்தில் அந்த வட்டாரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இடுப்புக்குக் கீழே குளிர்ச்சி, மேலே உலை!

பட்டைப் பற்றி எழுதுவதற்காக நானும் நம் சித்திரக்காரரும் அங்கே போயிருந்தோம். அங்கிருந்து அப்படியே நீலகிரிக்குப் போகிறோம் என்று சொன்னதும், தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தார்.

"ஊட்டிக்கா போறீங்க? அங்க இன்னா இருக்குது? மரந்தானே!"

மலை என்றால் மரம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மரமே இல்லாதது ஒரு மலைக்குப் பெருமை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். ஆகவே, வாருங்கள், போய்ப் பார்த்துவிடுவோம்.

போகும் வழி

ஆரணியிலிருந்து வேலூர் வழியாகக் காட்பாடிக்கு வந்துவிடுங்கள். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், பொழுது விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையம். அங்கே நீல நிறத்தில் மலை ரயில் காத்திருக்கும். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கும் புண்ணியவான் அது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே, தண்டவாளங்களுக்கு மத்தியில் பல் பதித்த இரும்புச் சட்டம் உண்டு. எஞ்சின் அந்தப் பல்லைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறது. 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. குழந்தைகள் ஒவ்வொரு குகையிலும் கூச்சல் போடுவார்கள். போடட்டும், அதற்காகத்தானே குகை!

உதகமண்டலத்தில் பூங்காவையும் படகையும் பார்ப்பது உங்கள் இஷ்டம். நாம் போக வேண்டிய இடம் அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவலாஞ்சி. பல காலத்துக்கு முன் அங்கே ஒரு பெரிய மண்சரிவு ஏற்பட்டதாம். பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள். நம் ஜனங்கள் அதற்கு ஓர் இகரம் சேர்த்து வீட்டுப் பெண் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள்.

அவலாஞ்சியிலிருந்து மேலே சொந்த மோட்டாரில் போக முடியாது. வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் காடு, நடுவே குலுங்கும் பாதை. இடுப்பு வலிக்காரர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

புல்லும் சோலையும்

மேலே ஏறியதும் சித்திரக்காரர் முகம் சுருங்கியது. "என்ன ஸார் இது, மொட்டை மலை!" என்றார்.

கண்ணுக்கு எட்டிய வரை புல். அலை அலையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள். அவற்றின் மடிப்புகளில் மட்டும், புடவைக் கொசுவத்துக்குள் பூச்சொருகினாற்போல், கரும்பச்சையாகக் கொஞ்சம் காடு. அதுதான் சோலை. மேலேயிருந்து பார்த்தால் மரங்களின் தலைகள் உருண்டை உருண்டையாய் நெருங்கி, காய்கறிக் கடையில் காலிஃபிளவர் அடுக்கியது போலிருக்கும். ஒரு சோலைக்கு அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் மரமும் மேட்டில் புல்லும் இருப்பது ஏன்? யாரும் வெட்டி மொட்டையடித்ததனால் அல்ல. மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவில் உறைபனி விழும். காலையில் பார்த்தால் புல்வெளி பூராவும் உப்பு கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்று அந்தப் பனியிலும் காற்றிலும் கருகிவிடும். புல் மட்டும், மேலே காய்ந்தாலும் வேரில் உயிரை வைத்துக்கொண்டு, மறுபடி தளிர்க்கும். காற்றடங்கிய மடிப்பில் சோலை பிழைத்துக்கொள்கிறது.

இந்தப் புல்லின் வயது என்ன தெரியுமா? மலையின் பள்ளங்களில் அழுகிய செடிகொடிகள் அடுக்கடுக்காய்ப் படிந்து கரிபோல் கறுத்த மண் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் அதைத் தோண்டிச் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. தட்பவெப்பம் மாற மாறப் புல்லும் சோலையும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுத்து வந்திருக்கின்றன. நம் ஊர்க் கோயில்களுக்கெல்லாம் மூத்தது இந்தப் புல்வெளி!

குனிந்து பார்க்க வேண்டிய இடம்

மற்ற மலைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். இதைக் குனிந்து பார்க்க வேண்டும். ஈரமான இடத்தில் புல்லுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு செடி. இலையில் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி பனி போல மினுக்கும். பனி அல்ல, பசை! தேன் என்று வந்து உட்காரும் பூச்சி ஒட்டிக்கொள்ள, செடி அதைச் சாவகாசமாய் ஜீரணித்துவிடும். சாதுவைப் போன்ற முகத்தைக் கண்டு ஏமாறுவது மனிதர்கள் மட்டுமல்ல.

புல்வெளியில் தைரியமாய் நிற்கும் மரம் ஒன்றே ஒன்று உண்டு: காட்டுப் பூவரசு. முறுக்கிய கிளைகளும் இரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாய்ப் பூவுமாக நிற்கும். இதன் உறவினர்களெல்லாம் இமயமலையில் இருக்கிறார்கள். இது மட்டும் வாழ்க்கைப்பட்டுத் தெற்கே வந்துவிட்டது போலிருக்கிறது. புல்லுக்குள்ளே தத்தித் தத்தி ஓடுவது நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளை விட்டால் இந்தக் குருவிக்கு உலகில் வேறு வீடு கிடையாது.

சோலை ஓரத்தில் "ஹூ, ஹூ" என்று ஒரு முழக்கம். கருமந்திகள்! பளபளக்கும் கறுப்பு உடம்பு, பொன்னிறத் தலைமயிர். ஒரு காலத்தில் "கருங்குரங்கு லேகியம்" என்ற பெயரில் இவற்றைக் கொன்று மருந்தாக விற்றார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது. அதன் பிறகு சோலைகளில் முழக்கம் மறுபடி கேட்கிறது.

மலையின் சொந்தக்காரர்

வண்டியோட்டி திடீரென்று நிறுத்தி, "அங்க பாருங்க, பாறை மேல" என்றார். பாறைதான் தெரிந்தது. பிறகு பாறையின் ஒரு பகுதி தலையைத் திருப்பியது!

வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாட்டிலே வருடை என்று வருகிறதே, அதுதான். முதிர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டாற்போல் வெளிறிய திட்டு. கொம்புகள் பின்னோக்கி வளைந்திருக்கும். மந்தை மேயும்போது ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து காவல் காக்கும். சிறுத்தை, செந்நாய் வாடை அடித்தால் ஒரு சீழ்க்கை. அடுத்த கணம் மந்தை முழுவதும் செங்குத்துப் பாறையில் இறங்கிவிடும். நமக்குக் காலை வைக்கவே இடம் தெரியாத இடத்தில் இரண்டு மாதக் குட்டி துள்ளிக் குதிக்கிறது. பார்க்கிற தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதன் தாய் நிம்மதியாகப் புல் மேய்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் இதைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிறகு அவர்களே பயந்துபோய் 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1975-இல் டேவிதார் என்ற இயற்கை ஆர்வலர் மலை மலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஆம் தேதி வரையாடு தினம் கொண்டாடுகிறார்கள். பக்கத்தில் 78 சதுர கிலோமீட்டரில் உள்ள முக்கூர்த்தி 1982-இல் சரணாலயமாகி, 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. தமிழக அரசு 2022-இல் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031. அடுத்த ஆண்டுக் கணக்கில் 1,303. சந்தோஷமான செய்திதான். ஆனால் நம்மூரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அவ்வளவுதான் இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டும், பட்டைப்போல் ஒன்றும்

வரையாட்டுக்குத் துப்பாக்கிக்கு அடுத்த சத்துரு மரம். ஆம், மரமேதான்.

புல்வெளியைப் பார்த்தவர்களெல்லாம் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளுக்காக மலை மலையாக நட்டார்கள். சீகையின் பட்டை தோல் பதனிட உதவும். தோல் பதனிடுவதற்குப் பெயர் போன ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ஆரணிக்கு அக்கம்பக்கத்து ஊர்கள்தானே! மரத்தை என்ன செய்தார்கள்? மலையடிவாரத்தில், சிறுமுகையில் பவானிக் கரையோரம் இருந்த ஆலையில் கூழாக்கி ரேயான் நூல் எடுத்தார்கள்.

பட்டு வாங்கும்போது ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிஜப் பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் அடிக்கும். ரேயான், காகிதம் போல் எரியும். ஏன்? அதுவும் காகிதம் போல் மரத்திலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் மலிவு விலையில் பளபளத்த புடவைகளில் சிலவற்றுக்காக இந்தப் புல்வெளியில் ஒரு துண்டு போயிருக்கும்.

அந்த ஆலை மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. புதிதாக நடுவதையும் அரசு நிறுத்திவிட்டது. ஆனால் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினாலும், தீ வைத்தாலும், "அப்பாடா" என்று ஆயிரம் கன்றுகளாய் எழுந்துவிடும். எனவே விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இது: எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளாதீர்கள். சில இடங்களில் பழைய சீகையின் நிழலிலே சோலைக் கன்றுகள் முளைக்கின்றன, அவற்றை வளரவிடுங்கள். மிச்சமிருக்கும் புல்வெளியில் நுழையும் சின்னக் கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். தோட்டத்தில் களை எடுத்தவர்களுக்கு இந்த யுக்தி புதிதல்ல.

புல் போனால் வரையாட்டுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதில் அது பாதிக்கு மேல்! இப்படிப்பட்ட மழையை வாங்கி, கறுப்பு மண்ணில் ஊறவைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாய் விடுவது இந்தப் புல்வெளியும் சோலையும்தான். பவானி இங்கேதான் பிறக்கிறாள். பிறந்ததும் கேரளத்துக்குப் போய், கொஞ்ச தூரம் சுற்றிவிட்டு, பிறந்த வீட்டை மறக்க முடியாமல் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து காவிரியோடு சேர்கிறாள். குந்தாவின் மின்சாரமும் ஈரோட்டுப் பக்கத்து வயலும் அவள் தயவு.

எண்ணித் தைக்கும் கைகள்

இந்தப் புல்லோடு கூடவே வாழ்ந்தவர்கள் தோடர்கள். இன்று 2,000 பேர்கூட இல்லை. அவர்கள் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்தாற்போன்ற வீடு. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். கூரைக்குப் புல் இந்த மலையிலிருந்து. தெய்வத்துக்குச் சமமான எருமைகளுக்கு மேய்ச்சலும் இங்கிருந்துதான். இறந்தவர்களின் ஆவி முக்கூர்த்திச் சிகரத்தின் வழியாக மறு உலகம் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

தோடப் பெண்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை. கோடு போட்டுக்கொள்வதில்லை, மாதிரி வைத்துக்கொள்வதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசியை ஏற்றுகிறார்கள். ஊசி வேலையா, தறியில் நெய்ததா என்று சந்தேகம் வரும். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆரணிப் பட்டுக்கும் அந்தக் கௌரவம் உண்டு. எருமைக் கொம்பைப் பூவேலையில் தைக்கிறார்கள். எருமை மேயப் புல்லில்லாமல் போய், கொம்பு துணியில் மட்டும் மிஞ்சிவிடக்கூடாதே என்பதுதான் கவலை. மந்துக்குப் போனால் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்; படம் எடுப்பதற்கு முன்னும் கேளுங்கள்.

போகிறவர்களுக்கு

மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் பாதைகள் துண்டிக்கப்படலாம். மலைக்குச் சொந்த மோட்டாரில் வருகிறவர்கள் முன்கூட்டி இ-பாஸ் எடுக்கும்படி 2024 மே மாதம் ஏற்பாடு செய்தார்கள், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சி வண்டிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. கம்பளியும் பிளாஸ்கில் வெந்நீரும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையும் புட்டியும் வேண்டவே வேண்டாம்.

குறிஞ்சி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் செடி அது. ஆனால் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு தனிக் கணக்கு. மூணாற்றுப் பக்கம் 2006-இலும் 2018-இலும் மலை நீலமாயிற்று. அடுத்தது 2030. போன முறை பிறந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது நிரம்பியிருக்கும். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். புல்லை மிதிக்காமல் பாதையோடு நடக்கச் சொல்லிக் கொடுங்கள்.