ஜகந்நாதருக்குக் காய்ச்சல்

ஜேஷ்ட பௌர்ணமியன்று 108 குடம் தண்ணீரில் குளிப்பாட்டியதில் பூரி ஜகந்நாதருக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. அண்ணன் பலபத்திரரும் தங்கை சுபத்திரையும் கூடவே படுக்கை. ஒரு பட்சத்துக்குத் தரிசனம் கிடையாது. பழமும் மூலிகை மருந்தும் தைலமுமாகப் பார்த்துக்கொள்பவர்கள் தைதாபதிகள். ஜகந்நாதரை முதலில் வழிபட்ட சவரப் பழங்குடித் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்கள், அதனால் அவருக்கு உறவினர்கள் என்பது மரபு. நோயாளிக்குச் சொந்தக்காரர்கள்தானே துணை இருக்க வேண்டும்!

இந்த நாட்களுக்கு அனசரம் என்று பெயர். தேரோட்டத்துக்கு வாருங்கள், இப்போது என்ன இருக்கிறது என்று விடுதியில் கேட்டார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அந்த 'இப்போது'தான். மூலவர்கள் மறைந்திருக்கும்போது சித்திரக்காரர்கள் துணியில் எழுதிய மூன்று படங்கள் பூஜை பெறுகின்றன. நம்மூரில் திருப்பணிக் காலத்தில் பாலாலயம் செய்து, அத்திப் பலகையில் எழுதிய உருவத்தில் சுவாமியை எழுந்தருளச் செய்வதுபோல. ஓவியம் அங்கே அலங்காரம் இல்லை, சுவாமியே அதுதான்.

அந்தத் துணி எப்படி உருவாகிறது என்று பார்க்க, பக்கத்திலுள்ள ரகுராஜ்பூருக்குப் போனேன். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். திண்ணைச் சுவரெல்லாம் ஓவியம். ஒரு வீட்டு முற்றத்தில், ஊறவைத்து அரைத்த புளியங்கொட்டை கூழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய பருத்திச் சேலைத் துணியை இரண்டு அடுக்காக ஒட்டுவது இந்தப் பசையால்தான். மேலே சுண்ணப் பொடி கலந்து பூசிக் காயவைத்து, முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு வழவழப்பான கல்லாலும் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் துணி தோல்போல் ஆகிவிடுகிறது. வெள்ளைக்குச் சங்குப் பொடி, சிவப்புக்கு இங்குலிகம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி. நிறம் நிற்க விளாம்பிசின். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தூரிகை.

ஊரே கடையாகிவிட்டது என்று உடன் வந்த ஒருவர் சலித்துக்கொண்டார். உண்மைதான், வாசலுக்கு வாசல் கூப்பிடுகிறார்கள். ஆனால் நொடித்துக் கிடந்த இந்தக் கலைக்கு 1950களில் உயிர் வந்ததே வெளியாள் ஒருவர் வாங்கத் தொடங்கியதால்தான். ஹலினா ஜீலி என்ற அந்த அம்மையார் ஓவியர்களை ஊக்கி, படங்களுக்குச் சந்தையும் தேடித் தந்தார். கோயில் ஆண்டுக்கொரு முறை கேட்கும் படங்களை நம்பி ஒரு ஊர் உலை வைக்க முடியாது. யாத்ரீகர்கள் வாங்கிப்போன சின்னப் படங்களும் பழங்காலத்திலிருந்தே இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டிருக்கின்றன. பக்திக்கும் வியாபாரத்துக்கும் நடுவே வேலி போடுவது நம்மைப் போன்ற பயணிகள்தான்.

எனக்கு உறுத்தியது வேறு. நான் பார்த்த வீட்டில் பசை காய்ச்சியதும் துணி தேய்த்ததும் பெண்கள். படத்தின் மூலையில் இருந்தது ஆண் பெயர். விலையை மட்டும் பசைக்கை கழுவி வந்த அம்மாதான் சொன்னார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.