மாற்றாந்தாயின் இடம்

மணமாகி வந்த முதலாண்டில், ஏழு வயது மகளுக்கு ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் ஜெர்மானியக் கதையை வாசித்தேன். மாற்றாந்தாய் நஞ்சிட்ட ஆப்பிளை நீட்டும் இடத்தில், குழந்தை என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவளைப் பெற்றவள் இறைவனடி சேர்ந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. நான் நூலை மூடிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, இரசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட ஆய்வைக் கற்க நேர்ந்தது. ஏறத்தாழ நூறு தேவதைக் கதைகளைப் பகுத்து, அவற்றின் நிகழ்வுகளை 31 செயல்களுக்குள் அடக்கியவர் அவர். செய்வோர் மாறுவர், செயல் மாறாது என்பதே அவர் கண்டது. அரக்கனோ சூனியக்காரியோ மாற்றாந்தாயோ, எவர் நின்றாலும் அது தீங்கிழைப்பவரின் இடம், அவ்வளவே. வறண்ட அட்டவணைதான். ஆயினும் எனக்கு அது பெரும் ஆறுதல் தந்தது.

கிரிம் சகோதரர்களே இதற்குச் சான்று. 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெண்ணைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய்! 1819-இல்தான் அவ்விடத்தில் மாற்றாந்தாயை அமர்த்தினர். தாய்மையின் மாண்பு காக்கப்பட்டது. பழி எங்கள்மீது விழுந்தது.

இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு வயது பதினாறு.

“அன்று நான் உங்கள் முகத்தைப் பார்த்தது, அவள் பிழைத்தாளா என்று கேட்கத்தான், சித்தி” என்றாள்.